ஊழியருக்கு அடிபட்டா நகராட்சி என்ன செய்யும்? அமெரிக்காவின் 'கூட்டு நிதி' சொல்லும் பாடம்

ஒரு சின்ன அமெரிக்க நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 4,000. நகராட்சி ஊழியர்கள் 40 பேர். குப்பை வண்டியில் போகிறவர், குடிநீர்க் குழாய் சரிசெய்கிறவர், கிளார்க், போலீஸ்காரர் எல்லாரும் இதில் அடக்கம். அங்கே உள்ளூர் போலீஸும் தீயணைப்பும் பெரும்பாலும் நகராட்சிக்குக் கீழேதான் வரும்.

ஒரு நாள் குப்பை வண்டியின் பின்படியில் நின்ற ஊழியர் தவறி விழுகிறார். முதுகெலும்பில் அடி. இனி வேலைக்குத் திரும்ப முடியாது. ஆபரேஷன், சிகிச்சை, வருடக்கணக்கில் கொடுக்க வேண்டிய இழப்பீடு எல்லாம் சேர்ந்தால் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டலாம். அந்த ஊரின் சொத்து வரி வசூல் இதைத் தாங்குமா? தாங்காது. அதற்காக "காசு இல்லை" என்று ஊழியரைக் கைவிட முடியுமா? சட்டம் விடாது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்க நகராட்சிகள் 50 வருடத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தன. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியை நம்பியிருக்காமல், பல ஊர்கள் சேர்ந்து சொந்தமாக ஒரு நிதி வைத்துக்கொள்வதுதான் அது. இன்று அங்கே பெரும்பாலான உள்ளாட்சி அமைப்புகள் ஏதாவது ஒரு கூட்டு நிதியில் உறுப்பினர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது, தூய்மைப் பணியாளர்களின் உயிர் மலிவாகப் போகும் நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தொழிலாளர் இழப்பீடு: ஒரு பழைய பேரம்

வேலையில் அடிபட்டால் அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு இருந்த ஒரே வழி கோர்ட்டு. முதலாளியின் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது என்று அவரே நிரூபிக்க வேண்டும். வக்கீலுக்குக் காசு இல்லாதவர் எங்கே நிரூபிப்பது?

இதை மாற்ற நியூயார்க் மாநிலம் 1910-ல் ஒரு சட்டம் போட்டது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறுநாளே நியூயார்க் நகரின் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அதற்குப் பிறகு இந்தச் சட்டங்களுக்கான கோரிக்கை நிற்கவே இல்லை. விஸ்கான்சின் அதே வருடம் சட்டம் போட்டது. கடைசி மாநிலமான மிசிசிப்பிக்கு 1948 ஆனது.

இந்தச் சட்டங்களின் சாரம் ஒரு பேரம். யார் மேல் தப்பு என்ற கேள்வியே கிடையாது. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு முழுக்க முதலாளி பொறுப்பு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். பதிலுக்கு, பெரிய நஷ்டஈடு கேட்டு முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்கிறார்.

பேரம் நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: கொடுக்க வேண்டிய நாளில் முதலாளி கையில் பணம் இருக்க வேண்டும். அதனால்தான் இழப்பீட்டுச் சட்டத்தோடு இன்ஷூரன்ஸும் சேர்ந்தே வளர்ந்தது.

நகராட்சிக்கு மட்டும் ஏன் தனித் தலைவலி?

ஐ.டி. கம்பெனியில் விபத்து என்றால் கழுத்து வலி, மணிக்கட்டு வலி. நகராட்சி அப்படி இல்லை. குப்பை அள்ளுவது அமெரிக்காவில் அதிகம் பேர் சாகும் வேலைகளில் ஒன்று. சாலைப் பணி, கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு, போலீஸ் என எல்லாமே ஆபத்து நிறைந்த வேலைகள்.

சாதாரண கம்பெனி என்றால் ஆபத்தான பிரிவை மூடிவிடலாம், ஊரை விட்டே போய்விடலாம். "இந்த வருடம் பிரீமியம் அதிகம், தீயணைப்பு வேண்டாம்" என்று ஒரு நகராட்சி சொல்ல முடியாது.

தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாதிரி வாடிக்கையாளர் பெரிதாகப் பிடிக்காது. 40 ஊழியர் உள்ள ஊரில் ஒரே ஒரு பெரிய விபத்து, பல வருடப் பிரீமியத்தை விழுங்கிவிடும். அதனால் விலை ஏறும். சில வருடங்களில் பாலிசி தரவே ஆள் இருக்காது. 1980-களின் நடுவில் அமெரிக்கா முழுக்க பொறுப்புக் காப்பீட்டுக்கு இப்படி ஒரு தட்டுப்பாடு வந்தது. பழைய விலைக்கு பாலிசி கிடைக்காமல் பல நகராட்சிகள் திண்டாடின. கூட்டு நிதிகள் வேகமாகப் பரவியது அந்தக் காலத்தில்தான்.

டெக்சாஸில் என்ன நடந்தது?

டெக்சாஸில் ஒரு விசித்திரம் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமலே இருக்கத் தனியார் முதலாளிகளுக்குப் பெரிய அளவில் சுதந்திரம் கொடுத்திருக்கும் மாநிலம் அது. ஆனால் நகராட்சி, கவுன்டி, பள்ளி மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்புகளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கட்டாயம் ஏற்பாடு செய்தே ஆக வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதற்குச் சட்டம் மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, கம்பெனியிடம் பாலிசி வாங்கலாம். இரண்டு, தானே பொறுப்பேற்று சொந்தப் பணத்தில் கொடுக்கலாம். மூன்று, மற்ற உள்ளாட்சிகளோடு ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து பொறுப்பேற்கலாம்.

முதல் கதவு சின்ன ஊருக்கு விலை அதிகம். இரண்டாவது கதவு பெரிய மாநகரங்களுக்கு ஒத்துவரும்; சின்ன ஊருக்குத் தற்கொலை. அதனால் டெக்சாஸ் நகராட்சிகளின் சங்கம் 1974-ல் மூன்றாவது கதவுக்குள் நுழைந்து, இழப்பீட்டுக்கென ஒரு கூட்டு நிதியைத் தொடங்கியது. பிறகு சொத்து, பொறுப்புக் காப்பீடு என்று வளர்ந்து, இன்று அந்த மாநிலத்தின் பெரிய உள்ளாட்சிக் காப்பீட்டு அமைப்பாக அது நிற்கிறது. கலிஃபோர்னியாவில் கவுன்டிகள் 1979-லும், மினசோட்டாவில் நகரங்கள் 1980-லும் தங்களுக்கென இதே மாதிரி அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன.

கணக்கு எப்படி நேர்ப்படுகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஊரில் சராசரியாக 20 வருடத்துக்கு ஒரு முறை, 10 லட்சம் டாலர் செலவு வைக்கும் விபத்து நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50,000 டாலர் ஒதுக்கி வைத்தால் 20 வருடத்தில் சரியாகிவிடும். ஆனால் விபத்து நாள் நட்சத்திரம் பார்த்து வராது. முதல் மூன்று வருடத்துக்குள்ளேயே அது நடக்க ஏழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அப்போது உண்டியலில் இருப்பது அதிகபட்சம் 1.5 லட்சம் டாலர்தான். மிச்சத்துக்கு எங்கே போவது?

இதே மாதிரி 100 ஊர்கள் சேர்ந்தால்? வருடத்துக்குச் சராசரியாக 5 விபத்து, 50 லட்சம் டாலர் செலவு. ஒவ்வொரு ஊரும் அதே 50,000 டாலர் போட்டால் 50 லட்சம் வந்துவிடும். ஒரு வருடம் 3 விபத்து நடக்கும், இன்னொரு வருடம் 8 நடக்கும். குறைவாக நடந்த வருடத்தில் மிச்சமானது, அதிகமாக நடந்த வருடத்தில் கைகொடுக்கும்.

கவனியுங்கள், மொத்தச் செலவில் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. குறைந்தது அதிர்ச்சிதான். தனி ஊருக்குப் பூஜ்ஜியமா, பத்து லட்சமா என்று இருந்த சூதாட்டம், கூட்டத்துக்கு பட்ஜெட்டில் எழுதக்கூடிய ஒரு பில் ஆகிவிட்டது.

மொய் மாதிரி என்று தோன்றலாம். ஒரு வித்தியாசம் உண்டு. வைத்த மொய் நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திரும்ப வரும் என்று எதிர்பார்ப்போம். இங்கே போட்ட பணம் நம்ம ஊருக்குத் திரும்ப வராமலே இருந்தால்தான் நல்லது.

யார் எவ்வளவு போடுவது?

எல்லா ஊரும் ஒரே தொகை போடுவதில்லை. ஊழியர்களின் மொத்தச் சம்பளம்தான் அடிப்படை. ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் இவ்வளவு என்று வேலைக்கு வேலை ரேட் மாறும். கிளார்க்குக்குக் கொஞ்சம், குப்பை அள்ளுகிறவருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அதைப் போலப் பல மடங்கு.

அடுத்தது, அந்த ஊரின் ஜாதகம். கடந்த சில வருடங்களில் விபத்து அதிகம் என்றால் ரேட் ஏறும், குறைவு என்றால் இறங்கும். உங்கள் கார் இன்ஷூரன்ஸில் 'நோ க்ளெய்ம் போனஸ்' வருமே, அதே லாஜிக்தான். இது இல்லாவிட்டால் ஹெல்மெட், கையுறை எதையும் கண்டுகொள்ளாத ஊரின் செலவை ஒழுங்கான ஊர் சுமக்க வேண்டி வரும்.

நிதிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு விபத்துக்குக் குறிப்பிட்ட தொகை வரை நிதியே கொடுக்கும். அதற்கு மேல் போனால் மறுகாப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். அதாவது இன்ஷூரன்ஸுக்கே ஒரு இன்ஷூரன்ஸ். ஒரே தீ விபத்தில் பத்து வீரர்கள் சிக்கினால்கூட நிதி கவிழாமல் இருக்க இந்த ஏற்பாடு.

நிர்வாகக் குழுவில் பெரும்பாலும் உறுப்பினர் ஊர்களின் மேயர்களும் அதிகாரிகளும்தான். பங்குதாரர் லாபம் என்று ஒன்று கிடையாது. நல்ல வருடங்களில் உபரியை ஊர்களுக்கே திருப்பிக் கொடுப்பதும் உண்டு.

உண்மையான மிச்சம் எங்கே?

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு லாபம் போகாததால்தான் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதிதான். இன்னொரு பெரிய பகுதி, விபத்தே நடக்காமல் பார்த்துக்கொள்வது.

40 ஊழியர் உள்ள ஊரால் பாதுகாப்பு நிபுணர் ஒருவரை வேலைக்கு வைக்க முடியாது. நூற்றுக்கணக்கான ஊர்கள் சேர்ந்தால் முடியும். அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பார். பள்ளம் தோண்டும்போது மண் சரியாமல் முட்டுக்கொடுக்கிறார்களா? கழிவுநீர்த் தொட்டியில் ஆள் இறங்கும் முன் வாயுவைச் சோதிக்கிறார்களா? வண்டியின் பின்படியில் ஆட்களை நிற்க வைத்து ஓட்டுகிறார்களா?

எல்லா ஊர்களின் விபத்துத் தகவலும் ஒரே இடத்தில் சேர்வதால், எந்த வேலையில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால் அதிகம் அடிபடுகிறது என்றும் தெரிகிறது. தனி ஊருக்கு அது ஒரு துரதிர்ஷ்டச் சம்பவம். கூட்டு நிதிக்கு அது ஒரு பேட்டர்ன்.

எங்கே சறுக்கும்?

மூன்று இடங்களில்.

முதலாவது, விலையைக் குறைத்து வைக்கும் ஆசை. தொழிலாளர் இழப்பீடு நீண்ட வால் உள்ள கடன். இன்று அடிபட்டவருக்கு 30 வருடம் கழித்தும் மருந்துச் செலவு கொடுக்க வேண்டி வரலாம். அதனால் நிதியில் இன்று உபரி மாதிரித் தெரிவது உண்மையில் உபரியாக இருக்காது. எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று கணக்குப் போட ஆக்சுவரி என்ற நிபுணர் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்காமல் "இந்த வருடம் ரேட்டைக் குறைங்க" என்று உறுப்பினர்கள் அழுத்தினால் கதை முடிந்தது.

நியூயார்க்கில் இதே மாதிரி சேர்ந்து சுய காப்பீடு செய்த குழுக்களுக்கு 2000-களின் பிற்பகுதியில் இதுதான் நடந்தது. அவை நகராட்சிகளின் குழுக்கள் இல்லை, தனியார் முதலாளிகளின் குழுக்கள். உறுப்பினர்களைச் சேர்க்கக் குறைந்த ரேட், போதாத கையிருப்பு. கடைசியில் பல நூறு மில்லியன் டாலர் பற்றாக்குறை. சட்டப்படி ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு என்பதால், ஒழுங்காகப் பணம் கட்டிவந்த சின்ன முதலாளிகளுக்கும் பெரிய பில் வந்தது. சேர்ந்து நின்றால் பலம்தான், ஆனால் சேர்ந்தே மூழ்கவும் முடியும்.

இரண்டாவது, புதிய காயங்கள். மினசோட்டாவில் போலீஸ், தீயணைப்பு வீரர்களுக்கு மன அதிர்ச்சி நோய் வந்தால், அது வேலையால் வந்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இந்த விதி 2019-ல் நடைமுறைக்கு வந்தது. மறு வருடம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை, போராட்டங்கள். மாநிலம் முழுக்க போலீஸ்காரர்களின் மன அதிர்ச்சி கிளெய்ம்கள் குவிந்தன, நகரங்களின் கூட்டு நிதியில் ரேட் ஏறியது. பழைய விபத்துக் கணக்கை மட்டும் வைத்து நாளைய செலவைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாவதுதான் முக்கியம்: தொழிலாளியின் பக்கம். கூட்டு நிதியின் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலாளிகள். ஒரு கிளெய்மை மறுத்தால் மிச்சமாவது அவர்கள் பணம். இந்தச் சபலம் எப்போதும் இருக்கும். டெக்சாஸில் தீயணைப்பு வீரர்களின் புற்றுநோய் கிளெய்ம்கள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டது பெரிய சர்ச்சையானது. புகையில் மூச்சடைத்து வேலை பார்த்தவர்கள், நோய்ப் படுக்கையில் இருந்து வக்கீலைத் தேட வேண்டி வந்தது. கடைசியில் 2019-ல் சட்டமன்றம் தலையிட்டு, 11 வகைப் புற்றுநோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது.

நிதியில் பணம் சேர்வது மட்டும் நியாயம் ஆகிவிடாது. அந்தப் பணத்தை மறுக்கும் அதிகாரத்தைக் கண்காணிக்க வெளியில் ஒருவர் வேண்டும்.

சரி, நம்ம ஊருக்கு என்ன?

இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. பிறகு வந்த இ.எஸ்.ஐ.யும் அடிப்படையில் ஒரு கூட்டு நிதிதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்காக, ஊழியர் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள்.

பேப்பரில் எல்லாம் சரி. பிரச்சினை காண்ட்ராக்டில் இருக்கிறது. தூய்மைப் பணியை டெண்டர் விட்ட பிறகு, ஊழியர் யாருடைய ஆள் என்பதே விவாதமாகிவிடுகிறது. ஒப்பந்ததாரர் இ.எஸ்.ஐ. கட்டவில்லை என்பது அடிபட்ட பிறகுதான் தெரியவரும். வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதை வாங்க அந்தக் குடும்பம் எத்தனை ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும்?

தொகையும் இப்போது சின்னது இல்லை. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். பாதுகாப்பு உபகரணங்களும் முன்னெச்சரிக்கைகளும் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதே 2013 சட்டப்படி குற்றம் என்பதை மறக்கக் கூடாது. எந்த நிதியும் அந்தக் குற்றத்துக்கு லைசென்ஸ் ஆகிவிடாது. ஆனால் மண் சரிவு, மின்சாரம், வாகனம் என்று மற்ற விபத்துகளும் இருக்கின்றன. ஒரு பேரூராட்சியின் பட்ஜெட்டில் இதற்கென ஒதுக்கிய பணம் எங்கே?

'சேர்ந்து செய்வது' தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்குப் புதிதும் இல்லை. 2002-ல் பத்துக்கும் மேற்பட்ட சிறிய உள்ளாட்சிகளுக்காக, தண்ணீர் மற்றும் சுகாதாரக் கூட்டு நிதி என்ற அமைப்பு சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. தனித்தனியாகப் போயிருந்தால் அந்த ஊர்களை எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். கடன் வாங்க ஒன்றாகச் சேர முடியும் என்றால், ஊழியரின் காயத்துக்காகவும் சேர முடியும்.

ஆனால் பஸ் ஜப்தியை மறக்க வேண்டாம்

சுய காப்பீடு என்ற பெயரில் என்ன தப்பு நடக்கலாம் என்பதற்கு டெக்சாஸ் வரை போக வேண்டியதில்லை. "இழப்பீடு கொடுக்காததால் அரசு பஸ் ஜப்தி" என்ற செய்தியைப் படிக்காத தமிழ் வாசகர் இருக்க முடியாது.

அதன் பின்னணி இதுதான். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் இருந்து விலக்கு அளிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு வழி தருகிறது. அதே பிரிவு உள்ளாட்சி அமைப்புகளையும் குறிப்பிடுகிறது. நிபந்தனை ஒன்றுதான்: இழப்பீடு கொடுக்கத் தனி நிதி ஒன்றை வைத்துப் பராமரிக்க வேண்டும். அந்த நிதியில் போதுமான பணம் உரிய நேரத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும்? தீர்ப்பு வந்தும் குடும்பம் வருடக்கணக்கில் காத்திருக்கும். கடைசியில் கோர்ட்டு ஊழியர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ்ஸைப் பிடித்து நிறுத்துவார்.

பணம் ஒதுக்காமல் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது சுய காப்பீடு ஆகாது. அது அடிபட்டவரிடமே வாங்கும் வட்டியில்லாக் கடன்.

அதனால் உள்ளாட்சி ஊழியர்களுக்காக இப்படி ஒரு கூட்டு நிதி பற்றி தமிழ்நாட்டில் யார் பேசினாலும், சில விஷயங்களை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் ஒவ்வொருவரும் அதில் பதிவாகி இருக்கிறார்களா? நிதி அதற்கு மேலே ஒரு பாதுகாப்பாக இருக்க வேண்டுமே தவிர, அதற்கு மாற்றாக வரக் கூடாது. காண்ட்ராக்ட் ஊழியர்களை வெளியே விட்டுவிட்டு நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றால் அதில் அர்த்தமே இல்லை. ஆபத்தான வேலை பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஊழியர் தலையில்தான் விழுகிறது. பணம் தனிக் கணக்கில் இருக்கிறதா, சம்பளப் பற்றாக்குறைக்கு அதில் கை வைக்க முடியாதபடி பூட்டு இருக்கிறதா? வருடா வருடம் ஆக்சுவரி அறிக்கை பொதுவில் வருமா? கிளெய்மை மறுத்தால், தொழிலாளி செலவில்லாமல் மேல்முறையீடு செய்ய இடம் இருக்கிறதா?

இவற்றுக்கு "ஆம்" என்ற பதில் வந்தால், பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரு உண்டியல் வைப்பது நல்ல யோசனை. காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளருக்கு அடிபட்டால் யார், எத்தனை நாளில், எந்தக் கணக்கில் இருந்து பணம் கொடுப்பார்கள் என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரவில்லை என்றால், இந்த விவாதத்தைத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.